ஆவடிச் சங்கு எட்டாத வீடு

1994 ஆடி மாதத்தில் மூன்று புதன்கிழமைகள் ஆவடியைச் சுற்றி வீடு தேடி அலைந்தேன். சுற்றிப் பார்க்கப் போன பயணம் இல்லை. ஆனாலும் நெமிலிச்சேரி, மாங்காடு, செம்பரம்பாக்கம், பூந்தமல்லி என்று நான்கு இடங்களுக்கும் என்ன வண்டி, எவ்வளவு நேரம், என்ன வாடகை என்ற விவரம் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். நான் செய்த தவறும் இதில் இருக்கிறது. அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் குவார்ட்டர்ஸ்காரர்கள். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஆவடிக்கு வந்து, தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தார். 1993 தை மாதம், காலை முதல் சங்குக்கும் இரண்டாம் சங்குக்கும் நடுவில், சைக்கிள் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பணியில் இருக்கும்போதே போனதால் அண்ணனுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. வீடும் அவன் பெயருக்கு மாறியது. அதே ஷிஃப்ட், அதே சைக்கிள். இரண்டு அறை வீட்டில் அண்ணன், அண்ணி, அம்மா, நான்.

குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்குச் சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: காலை 6.45க்கு முதல் சங்கு. அது ஊதும்போது ஆண்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். 7.15க்கு இரண்டாவது. அதற்குள் கேட்டுக்குள் போகாவிட்டால் அரை நாள் சம்பளம் போயிற்று. மாலை 4.30க்கு விடும் சங்கு. ஞாயிற்றுக்கிழமை ஊதாது. உலை வைப்பதிலிருந்து பிள்ளைகளை எழுப்புவது வரை எல்லாம் அதை வைத்துத்தான். பல வீடுகளில் சுவர்க் கடிகாரம் அழகுக்காக மாட்டியதுதான்.

அப்பா போன பிறகு, எட்டொன்பது மாதம் கழித்து, அம்மாவிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். சங்கு ஊதினால் அம்மாவின் கை நடுங்கும். கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் பாத்திரம் துலக்கும் இடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து வருவாள். சாப்பாடு குறைந்தது. முதுகு வளைந்தது. நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். எஸ்டேட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் வார விடுமுறை கிடையாது, மின்சாரத்துக்காக மாற்றி மாற்றி விடுவார்கள். எங்களுக்குப் புதன். ஆகவே மாலைச் சங்குக்கு அம்மா படும் பாட்டை நான் பார்த்தது புதன்கிழமைகளில் மட்டும். காலையில் பார்க்கலாம்தான். ஆனால் அந்த நேரத்தில் நான் குளியலறையில் இருப்பேன்.

அண்ணன்தான் முதலில் பேச்செடுத்தான். சங்கு ஊதினால் அம்மாவுக்கு அப்பா ஞாபகம் வந்துவிடுகிறது, டாக்டரும் இடம் மாற்றிப் பார்க்கச் சொல்கிறார் என்றான். எனக்கு அது உடனே சரியாகப் பட்டது. நான் நூலகத்துக்குப் போகிறவள். ஒலி காது வழியாக நுழைந்து யோசிப்பதற்கு முன்பே நெஞ்சைப் பிடித்துவிடும் என்பது போலப் பலதும் படித்து வைத்திருந்தேன். படித்தது கண்ணெதிரே நடப்பதாக நினைத்தேன். அண்ணி அப்போது மூன்று மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கலைந்திருந்தது. அம்மாவையும் என்னையும் தனியாக வைத்தால் எல்லாருக்கும் நல்லது என்று அண்ணன் சொன்னதில் குற்றம் காண எனக்குத் தோன்றவில்லை. அட்வான்ஸ் தான் கொடுப்பதாகச் சொன்னான். வாடகை என் சம்பளத்தில்.

இப்படியே போனால் அம்மா அடுத்த தை வரை தாங்க மாட்டாள் என்று பயந்தேன். சங்கு கேட்காத இடம் ஒன்று வேண்டும். தேட ஆரம்பித்தேன்.

முதல் புதன், நெமிலிச்சேரி. ஆவடியிலிருந்து திருவள்ளூர் பக்கம் போகும் மின்சார ரயிலில் மூன்றாவது நிறுத்தம். ஏழு கிலோமீட்டர் இருக்கும். 3.05க்கு ஏறி 3.20க்கு இறங்கினேன். டிக்கெட் இரண்டு ரூபாய். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் புது வீடு, ஒரு அறை, சமையலறை, கிணறு. வாடகை ஐந்நூறு. வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். இங்கே ஆவடிச் சங்கு கேட்குமா என்று கேட்டேன். அலாரம் வைத்தால்தான் இந்த ஊரில் விடியும் என்றார். நான் நம்பாமல் 4.30 வரை கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். சங்கு கேட்கவில்லை. ஆனால் 4.20க்கு ஒரு கூட்ஸ் வண்டி லெவல் கிராசிங்கில் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். வீட்டுக்காரர் அசையவில்லை, பேச்சைக்கூட நிறுத்தவில்லை, வாயை மட்டும் பெரிதாகத் திறந்து பேசினார். அம்மாவுக்கு ஒரு சங்கிலிருந்து இன்னொரு சங்கா என்று நினைத்து வேண்டாம் என்றேன்.

இரண்டாவது புதன், மாங்காடு. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பருத்திப்பட்டு, காடுவெட்டி, சென்னீர்குப்பம் வழியாகப் பேருந்து. பத்து கிலோமீட்டர், நாற்பது நிமிடம், இரண்டே கால் ரூபாய். பூந்தமல்லியில் மாறி மாங்காட்டுக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர். வீடு கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி. நல்ல காற்று, நல்ல தண்ணீர், அறுநூறு ரூபாய். ஆடி மாதம் என்பதை மறந்துவிட்டேன். தெருமுனைக்குத் தெருமுனை ஒலிபெருக்கி. வீட்டுக்கார அம்மாள் சொன்னதில் பாதியை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். ஆடி போனால் அடங்கிவிடும் என்றார். அப்புறம் மார்கழி வருமே என்றேன். அவருக்குக் கோபம். அம்மன் பாட்டு ஆகாதவர்களுக்கு வீடு கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் பக்கம் நியாயம் உண்டு. அவருக்கு அந்தச் சத்தம்தான் நிம்மதி. பக்கத்தில் நின்ற எனக்கு இரண்டு மணி நேரத்தில் தலை வெடித்தது.

அன்று அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினாலு கிலோமீட்டர் போதுமா, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் என்ன என்று கேட்டான். அக்கறை என்று நினைத்தேன்.

மூன்றாவது புதன் இன்னும் தள்ளிப் போனேன். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையில் ஆறு கிலோமீட்டர், செம்பரம்பாக்கம். பேருந்துக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தும் வராததால் ஆட்டோ. முப்பது கேட்டார், இருபத்தைந்துக்கு வந்தார். ஓட்டுநருக்கு நாற்பது வயது இருக்கும். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நான் வீடு பார்க்க வந்திருப்பதையும், அங்கே சங்கு கேட்கக் கூடாது என்பதையும் சொன்னதும் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா நீ, ஊடு பாக்க வர்றவங்க தண்ணி வருமா, கரண்டு கீதான்னு கேப்பாங்க. நீ சங்கு ஊதுமான்னு கேட்டுகினு வர்ற. அங்க ஏரிதாம்மா கீது. அது எங்க ஊதும்?"

சிரித்தேன். இறங்கிய பிறகு சிரிப்பு வரவில்லை. ஏரிக்கரைக்குக் கீழே வயல்களுக்கு நடுவில் தனி வீடு. பிளாட் போட்டுக் கல் நட்டிருந்தார்கள், ஆள் யாரும் வரவில்லை. நானூறு ரூபாய்தான். ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. பத்து நிமிடத்தில் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. பின்னால் யாரோ நிற்பது போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சத்தம் இல்லாவிட்டால் மனம் அமைதியாகும் என்பதை நம்பித்தான் வந்திருந்தேன். எனக்கு அங்கே வந்தது பயம். நான் வேலைக்குப் போன பிறகு அம்மா அங்கே பகலெல்லாம் தனியாக இருக்க வேண்டும். திரும்பிவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்து ஓட்டுநருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். பூந்தமல்லியில் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் துணி வியாபாரம் செய்கிற பாய் ஒருவர் வீட்டில் பின் போர்ஷன் காலியாக இருப்பதாகச் சொல்லி அங்கேயே கொண்டுபோய் விட்டார். பாயின் மனைவியைத் தெருவே பாயம்மா என்றுதான் கூப்பிடுகிறது. முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவர். எடுத்த எடுப்பில், ஆம்பளை இல்லாத வீடா, நல்லதாப் போச்சு, பின்பக்கம் நான் தாராளமா வந்து போலாம் என்றார். வாடகை ஐந்நூற்று ஐம்பது, அட்வான்ஸ் ஐயாயிரம். 4.30க்கு முற்றத்தில் நின்று காது கொடுத்தேன். மார்க்கெட்டில் பூ ஏலம் போடும் குரல் தேய்ந்து கேட்டது. மெஷின் ஓடியது, நின்றது, ஓடியது. சங்கு இல்லை. பாயம்மாவிடம் கேட்டேன்.

"பாங்கு கேக்கும், அஞ்சு வேளை. அது ஆகாதுன்னா இப்பவே சொல்லிடும்மா. சங்கெல்லாம் இந்தப் பக்கம் கெடையாது."

ஆகும் என்றேன். ஆவணியில் குடி வந்தோம். அண்ணனே வேன் பேசி, சாமான் ஏற்றி, இறக்கி, மின்விசிறி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு மாதத்தில் அம்மா இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள். பாயம்மா தைத்த ஜாக்கெட்டுகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்தாள். மெஷின் சத்தத்துக்கு நடுவில் இருவரும் பேசிச் சிரிப்பது நான் தெருவில் வரும்போதே கேட்கும். நான் கண்டுபிடித்தது பலித்துவிட்டதாகப் பெருமைப்பட்டேன். எஸ்டேட்டில் இரண்டு பேருக்கு, வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லை என்றால் முதலில் சத்தத்தை மாற்றிப் பாருங்கள் என்று யோசனைகூடச் சொன்னேன்.

ஐப்பசி இரண்டாம் வாரம். இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்த காலை. நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வடக்கேயிருந்து சங்கு கேட்டது. மெலிதாக, ஆனால் சந்தேகமே இல்லாமல். 6.45.

எனக்குத்தான் கை நின்றுவிட்டது. ஆடியில் காற்று மேற்கே இருந்து அடிக்கும், சங்கை அம்பத்தூர்ப் பக்கம் அள்ளிக்கொண்டு போகும். ஐப்பசியில் வடகிழக்குக் காற்று அதே சங்கை நேராகப் பூந்தமல்லிக்குக் கொண்டுவரும். சாலையில்தான் பத்து கிலோமீட்டர், நேர்கோட்டில் ஏழெட்டுத்தான். இவ்வளவு படித்தவளுக்கு இது தோன்றவில்லை. ஓடிப்போய் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எழுந்திருக்கவில்லை. பால் பொங்காமல் ஊதிக்கொண்டிருந்தாள். கை நடுங்கவில்லை.

கேட்கிறதா என்றேன். நாலு நாளாகக் கேட்கிறதே, காற்றுத் திரும்பிவிட்டதல்லவா என்றாள். உனக்கு ஒன்றும் செய்யவில்லையா என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

"சங்கு என்ன பண்ணும்? அது பாட்டுக்கு ஊதுது. இங்கதான் யாரும் வேலைக்குக் கெளம்பலையே பாப்பா. நான் எதுக்கு உள்ள போகணும்?"

நானும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டுதான் இருந்தேன். அது அந்தக் கணக்கில் வராது.

மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். அண்ணன் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம் ஒரு நாள், அவன் கிளம்பும்போது அம்மா தண்ணீர்க் குடத்தோடு வாசலில் எதிரே வந்திருக்கிறாள். அன்று மெஷினில் அவன் விரல் நசுங்கியது. தையல் போட்டுக்கொண்டு வந்தவன் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணிக்கு இரண்டாவது முறை கலைந்த பிறகு சொன்னானாம். முதல் சங்கு ஊதினதும் கொஞ்சம் பின்னால் போயிடும்மா, நான் தெருவைத் தாண்டினதும் வா. பிறகு சாயங்காலமும் சேர்ந்தது. வேலை விட்டு வருகிறவன் முதலில் பார்க்கும் முகம் அண்ணியின் முகமாக இருக்க வேண்டும். 4.30க்குச் சங்கு ஊதினால் அம்மா பின்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அண்ணன் வந்து, காபி குடித்து முடித்துக் கதவைத் தட்டுவான். தட்டினால் வரலாம். புதன்கிழமைகளில் அந்தத் தட்டல் எனக்கும் கேட்டிருக்கிறது, ஆறுதலாகக் கூப்பிடுகிறான் என்று நினைத்திருந்தேன். மழை நாளிலும் அப்படித்தான். அந்த இடத்துக்குக் கூரை கிடையாது.

அம்மாவுக்கு மூட்டு வலி. சட்டென்று எழ முடியாது. ஒரு நாள் காலையில் எழுந்திருப்பதற்குள் அவன் எதிரே வந்துவிட்டான். செருப்பைக் கழற்றி, உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்பினான். கேட்டில் நேரமாகி அரை நாள் போயிற்று.

"திட்டலை பாப்பா. தலையில அடிச்சுக்கிட்டான். அதுலேருந்துதான், சங்கு ஊதறதுக்கு முன்னாடியே எனக்குக் கை உதறும். எந்திரிச்சிரணுமேன்னு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ சண்டை போடுவாய், அது அவன் வீடு, அப்புறம் நாம் எங்கே போவது என்றாள். இடம் மாற்றுவதற்குச் சங்கைக் காரணமாக அவனே கண்டுபிடித்துச் சொன்னபோது அம்மாவுக்குக்கூட நிம்மதியாக இருந்ததாம். நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள மரியாதையான காரணம். நான் அந்தக் காரணத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று வாரம் ஊர் ஊராக அளந்துவிட்டு வந்தேன்.

அன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் அண்ணி மேல் கோபப்பட முயன்றேன். இரண்டு பிள்ளைகளை இழந்தவள், அவள் பயம் பொய் இல்லை. அண்ணனுடைய பயமும் பொய் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் அம்மாவைப் பின்பக்கம் அனுப்பிவிட்டுக் காபி குடித்த அத்தனை சாயங்காலங்களிலும் என்னிடம் அம்மாவுக்கு அப்பா ஞாபகம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். செத்துப்போன மனுஷரையும் இதில் இழுத்துவிட்டான். அதை என்னால் விழுங்க முடியவில்லை.

கார்த்திகை முதல் ஞாயிறு அண்ணன் வந்தான். நான் எஸ்டேட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது மணி ஆறே கால். அம்மா சுட்ட பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தான். இங்கே எவ்வளவு அமைதி, அம்மா முகமே தெளிந்துவிட்டது என்று என்னைப் பாராட்டினான். பிறகு அண்ணிக்கு வளைகாப்பு வைத்திருப்பதைச் சொன்னான். வருகிற ஞாயிறு, குவார்ட்டர்ஸிலேயே. நான் கட்டாயம் வர வேண்டும்.

"அம்மாவை எதுக்கு அலைக்கழிக்கணும்? அங்க வந்தா சங்கு சத்தம் வேற. மறுபடி உடம்புக்கு வந்துரும்."

"ஞாயித்துக்கிழமை ஏதுண்ணே சங்கு?" என்றேன்.

அவன் தட்டைப் பார்த்தான். அந்த அறையில் இருந்த மூன்று பேரும் அந்தச் சங்கில் வளர்ந்தவர்கள், வாழ்ந்தவர்கள். அம்மாதான் பேசினாள்.

"நீ சும்மா இரு பாப்பா. எனக்குச் சத்தம் ஆகாதுப்பா. நீங்க நல்லபடியா நடத்துங்க."

6.40 பேருந்துக்கு நேரமாயிற்று என்று அவன் எழுந்தான். வாசல் வரை போனவன் செருப்பை மாட்டாமல் நின்றான். சட்டைப் பையில் எதையோ தேடினான். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, வர்றேம்மா என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். வளைகாப்புக்கு நான் போகவில்லை.

இனி விவரங்கள். பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் சாயங்காலம் 6.40ஐ விட்டால் அடுத்தது 7.20. பூந்தமல்லியில் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் ஐந்நூறிலிருந்து எழுநூறுக்குள் போர்ஷன் கிடைக்கும், தண்ணீர் நன்றாக இருக்கிறது. மாங்காட்டில் வீடு பார்க்கிறவர்கள் ஆடியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை போங்கள். நெமிலிச்சேரியில் லெவல் கிராசிங்கிலிருந்து அரை கிலோமீட்டராவது தள்ளிப் பாருங்கள். செம்பரம்பாக்கத்துக்கு இன்னும் நாலைந்து வருடம் கழித்துப் போகலாம். எந்த ஊரானாலும் ஆடியில் கேட்காதது ஐப்பசியில் கேட்கும், காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களுக்காக வீடு தேடுகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. ஒரு சத்தத்துக்கு ஒருவர் நடுங்கினால், அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டில் அடுத்து யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டுக்காரர்கள், ஆட்டோக்காரர், பாயம்மா என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நான் சங்கைப் பற்றிக் கேட்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை.